‘தண்டனை குறைவு, அவ்வளவுதானே?’ – சிறார் நீதிமன்றம் பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

கேள்வி இது: “சிறார் நீதிமன்றத்துக்கும் பெரியவர்களுக்கான குற்றவியல் நீதிமன்றத்துக்கும் உண்மையில் என்ன வேறுபாடு? தண்டனை குறைவு, அவ்வளவுதானே? கொலை செய்தவனைக்கூட 17 வயது என்பதற்காக மூன்று வருடத்தில் விட்டுவிடுவது என்ன நியாயம்?”

கேள்வியின் பின்பாதியில் இருக்கும் கோபத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் முன்பாதி. தண்டனை குறைவு என்பது வேறுபாடுகளில் ஒன்றுதான். அதுவும் எல்லா நேரத்திலும் உண்மை இல்லை. பெரியவர் ஒருவர் செய்திருந்தால் ஐம்பது டாலர் அபராதத்தோடு முடிந்திருக்கக்கூடிய ஒரு விஷயத்துக்காக, பதினைந்து வயதுப் பையனை ஆறு வருடம் வரை அடைத்துவைக்க ஒரு சிறார் நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. அந்தக் கதை கொஞ்ச நேரத்தில் வரும். அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த இரண்டு நீதிமன்றங்களையும் ஒப்பிடுவது அரைகுறையாகத்தான் இருக்கும்.

பெரியவர்களின் நீதிமன்றம் செயலைப் பார்க்கிறது. இதை இவர் செய்தாரா? சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமானதா? ஆனது என்றால் அந்தச் செயலுக்குச் சட்டம் என்ன தண்டனை வைத்திருக்கிறது? செய்தவரின் குடும்பம், படிப்பு, பட்ட கஷ்டம் எல்லாம் தண்டனையைக் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ வரும்போதுதான் எட்டிப் பார்க்கும். சிறார் நீதிமன்றத்திலும் “செய்தானா?” என்ற கேள்வி உண்டு. ஆனால் அது வாசற்படிதான். அதைத் தாண்டி உள்ளே போனதும் வேறு கேள்வி வந்துவிடுகிறது. இந்தப் பிள்ளை ஏன் இங்கே வந்து நிற்கிறது? மறுபடி வராமல் இருக்க யார் என்ன செய்ய வேண்டும்?

இரண்டு பையன்கள் சேர்ந்து ஒரு பைக்கைத் திருடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறவன், வீட்டில் கண்டிக்க ஆள் இருக்கிறது. இன்னொருவன் பள்ளியை விட்டு ஒரு வருடம் ஆகிவிட்டது, வீட்டில் கவனிக்க யாரும் இல்லை, போதைப் பழக்கம் வேறு. இதே இருவரும் முப்பது வயதுக்காரர்களாக இருந்து, முன்குற்றம் எதுவும் இல்லாமல் இருந்தால், ஒரே திருட்டுக்கு ஏறக்குறைய ஒரே தண்டனையை எதிர்பார்ப்போம். வேறுவேறாகக் கொடுத்தால் பாரபட்சம் என்று மேல்முறையீடு போவார்கள். சிறார் நீதிமன்றத்தில் முதல் பையனைக் கண்டித்துப் பெற்றோருடன் அனுப்பிவிட்டு, இரண்டாவது பையனை ஒரு வருடம் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் வைத்துப் போதை மறுவாழ்வுச் சிகிச்சைக்கும் அனுப்பினால், அது பாரபட்சம் இல்லை. அந்த நீதிமன்றம் செய்ய வேண்டிய வேலையே அதுதான். ஆனால் இரண்டாவது பையனின் இடத்திலிருந்து பாருங்கள். செய்தது ஒன்றே, ஏழ்மையும் வீட்டு நிலையும் சேர்ந்து அவன்மேல் நீதிமன்றத்தின் பிடியை நீட்டிவிட்டன. சிறார் நீதிமன்றத்தின் கருணையும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் ஏழு வயதுக்குக் கீழே இருந்தால் குற்றம் என்ற பேச்சே இல்லை. ஏழிலிருந்து பதினான்கு வரை, நல்லது கெட்டது தெரிந்துதான் செய்தான் என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும். பதினான்கைத் தாண்டினால் பெரியவன். அதே நீதிமன்றம், அதே சிறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீர்திருத்தப் பள்ளிகள் வந்தன, ஆனாலும் நீதிமன்றம் ஒன்றாகவே இருந்தது. சிறாருக்கென்று தனியாக முதல் நீதிமன்றம் 1899 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் திறந்தது. ஜேன் ஆடம்ஸின் ஹல் ஹவுஸ் என்ற சமூகச் சேவை மையத்தைச் சுற்றியிருந்த பெண்கள் விடாமல் போராடிக் கொண்டுவந்த சட்டம் அது. பரவிய வேகம் ஆச்சரியமானது. 1925-க்குள் அமெரிக்காவில் இரண்டு மாநிலங்களைத் தவிர எல்லாவற்றிலும் சிறார் நீதிமன்றச் சட்டம் வந்துவிட்டது. இங்கிலாந்தில் 1908, ஜெர்மனியில் 1923. இந்தியாவில் முதலில் வந்தது சென்னை மாகாணத்தில்தான், 1920-ம் ஆண்டின் குழந்தைகள் சட்டம்.

அந்தச் சீர்திருத்தக்காரர்கள் சொன்ன தத்துவத்துக்கு லத்தீனில் ‘பேரன்ஸ் பேட்ரியே’ என்று பெயர். அரசே பெற்றோர் என்று பொருள். அனாதைப் பிள்ளைகளின் சொத்தைக் காப்பாற்ற அரசர் தலையிடலாம் என்று இருந்த பழைய கொள்கையை எடுத்து, தப்பு செய்த பிள்ளைக்கும் பொருத்தினார்கள். நீதிபதி தகப்பனைப் போல் உட்கார்ந்து பிள்ளையிடம் பேசுவார்; இரண்டு தரப்பு வாதம், சாட்சி விதிகள், குறுக்கு விசாரணை இதெல்லாம் எதற்கு? அப்பாவிடம் பேச வக்கீல் வைத்துக்கொண்டா போவோம்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்பா நல்லவராக இருக்கும்வரை.

சரி, இப்போது அந்தப் பதினைந்து வயதுப் பையன். பெயர் ஜெரால்ட் கால்ட், அரிசோனா மாநிலம். 1964 ஜூன் 8, காலை நேரம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசியதாக ஒரு புகார். அவனும் அவன் நண்பனும் பிடிக்கப்படுகிறார்கள். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவர்களுக்குத் தகவல் சொல்லவில்லை, வீட்டில் ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை. மாலை வந்து பிள்ளையைத் தேடிய அம்மாவுக்கு, அந்த நண்பனின் வீட்டார் மூலம்தான் விஷயம் தெரிகிறது. மறுநாளே நீதிபதியின் அறையில் விசாரணை. வக்கீல் இல்லை. யாரும் சத்தியப் பிரமாணம் எடுக்கவில்லை. பேசியது எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. பையன் ஒப்புக்கொண்டானா இல்லையா என்பதைப் பற்றிப் பிற்பாடு ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள், ஏனென்றால் சரிபார்க்கப் பதிவே கிடையாது. புகார் கொடுத்த பெண் கடைசிவரை வரவே இல்லை. அடுத்த விசாரணையில் அம்மா அதைக் கேட்டபோது, அவர் வரத் தேவையில்லை என்றார் நீதிபதி.

உத்தரவு: 21 வயதாகும்வரை அரசின் சீர்திருத்தப் பள்ளியில் இருக்க வேண்டும், அதற்கு முன்பே விடுவிக்கப்பட்டாலொழிய. அதாவது ஆறு வருடம் வரை. அதே தொலைபேசிப் பேச்சைப் பதினெட்டு தாண்டிய ஒருவர் பேசியிருந்தால், அரிசோனா சட்டப்படி 5 முதல் 50 டாலர் அபராதம் அல்லது அதிகபட்சம் இரண்டு மாதம் சிறை. போதாக்குறைக்கு, சிறார் வழக்கில் மேல்முறையீட்டுக்கும் அங்கே வழி இருக்கவில்லை. ஆட்கொணர்வு மனு போட்டுத்தான் வழக்கு மேலே போனது.

1967 மே 15 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஏப் ஃபோர்ட்டஸ். சிறுவன் என்பதற்காக ஒருவனைக் கட்டப் பஞ்சாயத்தில் நிறுத்த அரசியல் சாசனம் இடம் தராது என்ற பொருளில் அவர் எழுதிய வரி சட்டக் கல்லூரிகளில் இன்றும் சொல்லப்படுகிறது. குற்றச்சாட்டு என்ன என்று முன்கூட்டியே நோட்டீஸ், வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை, தனக்கு எதிராகத் தானே பேசாமல் இருக்கும் உரிமை என்று நான்கும் சிறாருக்கும் உண்டு என்றானது. மூன்று வருடம் கழித்து, 1970-ல், இன்னொரு வழக்கு. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒரு பெண்ணின் பையிலிருந்து 112 டாலர் எடுத்தான் என்று குற்றச்சாட்டு. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற அளவுகோல் சிறாருக்கும் பொருந்தும் என்று அதில் சொன்னார்கள். அதுவரை நியூயார்க்கில், நடந்திருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்று தோன்றினாலே ஒரு பிள்ளையைப் பல வருடம் அடைத்துவைக்க முடிந்தது!

ஆனால் எல்லா உரிமையையும் கொடுத்துவிடவில்லை. 1971-ல் ஜூரி விசாரணை, அதாவது பொதுமக்களிலிருந்து எடுக்கப்படும் குழு தீர்ப்புச் சொல்லும் முறை, மட்டும் சிறாருக்குத் தேவையில்லை என்று அதே நீதிமன்றம் நிறுத்திக்கொண்டது. ஜூரியையும் கொண்டுவந்துவிட்டால் பெரியவர்களின் நீதிமன்றத்துக்கும் இதற்கும் வித்தியாசமே இருக்காது என்பது கவலை. இன்று உலகில் இருக்கும் பெரும்பாலான சிறார் நீதிமன்றங்கள் இந்த இழுபறியின் நடுவில் எங்கோ ஒரு புள்ளியில்தான் நிற்கின்றன. உரிமைகளைக் குறைத்தால் அன்பு என்ற பெயரில் அராஜகம். அதிகமாக்கினால் பெரியவர்களின் நீதிமன்றமேதான், மேசை நாற்காலி மட்டும் சின்னது.

மேசை நாற்காலி என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டேன், ஆனால் அறையின் அமைப்பும் சட்டப் பிரச்சினைதான். 1993-ல் இங்கிலாந்தில் பதினோரு வயதான இரண்டு சிறுவர்கள், பத்து வயதில் செய்த ஒரு கொலைக்காகப் பெரியவர்களின் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டார்கள். நிரம்பி வழிந்த அறை, பத்திரிகையாளர்கள், ஜூரி. குற்றவாளிக் கூண்டின் தடுப்பு உயரமாக இருந்ததால் சிறுவர்களால் வெளியே பார்க்க முடியாது என்று, கூண்டின் தரையை உயர்த்திக் கொடுத்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். விளைவு, அறையில் இருந்த அத்தனை கண்களும் அவர்கள்மேலேயே இருந்தன. என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டு தன் வக்கீலுக்கு உதவும் நிலையில் அந்தச் சிறுவர்கள் இல்லை, ஆகவே அது நியாயமான விசாரணை இல்லை என்று 1999-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செய்தது கொடூரம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் விசாரணை என்பது ஒருவர் முன்னால் நடக்கும் காட்சி இல்லையே, அவர் கலந்துகொள்ள வேண்டிய ஒன்று அல்லவா?

அதனால்தான் சிறார் நீதிமன்றங்களின் விதிகள் சின்னச் சின்ன விஷயங்களில்கூட நுழைகின்றன. இந்தியாவில் சிறார் நீதிமன்றத்தின் வேலையைச் செய்யும் இளைஞர் நீதிக் குழுமம் என்பது ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்டது. அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அவர்கள் மேடை போட்டு உயரத்தில் உட்காரக் கூடாது, பிள்ளைக்கும் அவர்களுக்கும் நடுவில் கூண்டோ கம்பியோ இருக்கக் கூடாது என்று 2016 விதிகள் சொல்கின்றன. கைவிலங்கு கூடாது. போலீஸ் காவல் அறையிலும் சிறையிலும் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். விசாரணைக் காலத்தில் தங்கவைப்பது கூர்நோக்கு இல்லத்தில். ஒரே சம்பவத்தில் பெரியவரும் சிறாரும் சேர்ந்து சிக்கியிருந்தாலும் இருவரையும் சேர்த்து விசாரிக்க முடியாது. வழக்கு இரண்டாகப் பிரிந்துவிடும். ஜெர்மனியில் சாதாரண மக்களிலிருந்து எடுக்கப்படும் துணை நீதிபதிகளில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருப்பார்கள், பிள்ளை வளர்ப்பில் அனுபவம் உள்ளவர்களாகப் பார்த்து. பெரியவர்களின் வழக்கில் அந்தத் தகுதியை யாரும் கேட்பதில்லை.

மொழியும் மாறுகிறது. ‘குற்றம் சாட்டப்பட்டவர்’, ‘கைது’, ‘தண்டனை’, ‘கைதி’ போன்ற சொற்களைச் சிறார் விஷயத்தில் தவிர்க்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் கொள்கைகளில் ஒன்று. ‘சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்’ என்பது அதிகாரபூர்வப் பெயர். அமெரிக்காவில் ‘குற்றவாளி என்று தீர்ப்பு’ கிடையாது, வேறு சொல் வைத்திருக்கிறார்கள்; ‘தண்டனை’ கிடையாது, அதற்கும் வேறு சொல். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. பெயரை மாற்றினால் கம்பி மறைந்துவிடுமா என்பார்கள். நானும் பாதி அவர்கள் பக்கம்தான்: கால்ட் போக வேண்டியிருந்த இடத்துக்கும் ‘பள்ளி’ என்றுதான் பெயர். ஆனால் சொல்லுக்குச் சட்ட விளைவும் இருக்கிறது. குற்றவாளி என்ற முத்திரை இல்லாததால், பிற்காலத்தில் வேலைக்கோ தேர்தலுக்கோ விண்ணப்பிக்கும்போது தகுதியிழப்பு வராது. அந்த இடத்தில் பெயர் மாற்றம் வெறும் அலங்காரம் இல்லை.

ரகசியமும் இதோடு சேர்ந்ததே. பெரியவர்களின் நீதிமன்றத்தில் கதவு திறந்திருப்பது ஒரு பாதுகாப்பு. மூடிய அறைக்குள் அரசு என்ன செய்கிறது என்று மக்கள் பார்க்க வேண்டும். சிறார் நீதிமன்றத்தில் கதவு மூடியிருப்பதே பாதுகாப்பு. பெயரோ படமோ பள்ளியின் பெயரோ வெளியிட்டால் இந்தியாவில் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வழக்கு முடிந்து மேல்முறையீட்டுக் காலமும் கழிந்தபின் ஆவணங்களை அழிக்கவும் வகை உண்டு. கொடுங்குற்றத்துக்காகப் பெரியவரைப் போல் விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. இணையம் வந்தபின் இந்த ரகசியம் எவ்வளவு தூரம் நிற்கிறது என்பது வேறு விஷயம். ஆவணத்தை நீதிமன்றம் கிழித்துப் போடலாம், வாட்ஸ்அப்பில் சுற்றியதை யார் கிழிப்பது?

ஜாமீன் விஷயத்தில் தர்க்கம் தலைகீழாகும். பெரியவர் பெரிய குற்றத்தில் சிக்கினால், ஏன் வெளியே விட வேண்டும் என்று அவர் தரப்பு காட்ட வேண்டிய நிலை வரும். இந்தியாவில் சிறாருக்கு, ஜாமீனில் விடக்கூடிய குற்றமோ விடமுடியாத குற்றமோ, விடுவிப்பதுதான் விதி. வெளியே போனால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, அல்லது நீதியின் நோக்கமே கெட்டுவிடும் என்றால் மட்டும் மறுக்கலாம், காரணத்தையும் எழுத வேண்டும். விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும், நீட்டித்தால் இன்னும் இரண்டு மாதம். சிறு குற்றங்களில் அதற்குள் முடியாவிட்டால் வழக்கே முடிந்துபோகும். பதினான்கு வயதுப் பையனுக்கு மூன்று வருட வழக்கு என்பது அவன் வாழ்க்கையில் ஐந்தில் ஒரு பங்கு.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. சிறார் நீதி அமைப்பு நன்றாக வேலை செய்யும் இடங்களில், நிறைய வழக்குகள் நீதிமன்றப் படியையே ஏறுவதில்லை. ஸ்காட்லாந்தில் 1971 முதல் பெரும்பாலான சிறார் விவகாரங்கள் சாதாரண மக்கள் மூன்று பேர் கொண்ட குழுவின் முன் ஒரு மேசையைச் சுற்றிப் பேசித் தீர்க்கப்படுகின்றன. அங்கே ஒரு வித்தியாசம் பாருங்கள்: பையன் குற்றத்தை மறுத்தால், செய்தானா இல்லையா என்பதை முடிவு செய்யும் வேலை மட்டும் நீதிமன்றத்துக்குப் போகும். என்ன செய்யலாம் என்பது திரும்பவும் குழுவுக்கு வரும். சிகாகோக்காரர்கள் ஒன்றாகப் பிசைந்து வைத்த இரண்டு கேள்விகளை ஸ்காட்லாந்து இரண்டு அறைகளில் வைத்துவிட்டது. நியூசிலாந்தில் 1989 சட்டப்படி குடும்பக் கூட்டம் நடக்கிறது. பையன், அவன் உறவினர்கள், போலீஸ், பாதிக்கப்பட்டவர் எல்லோரும் உட்கார்ந்து ஒரு திட்டத்துக்கு வருவார்கள். குற்றம் ஒரு குடும்பத்தின் பொறுப்பும்கூட என்ற மாவோரி மக்களின் பார்வை அந்தச் சட்டத்தில் கலந்திருக்கிறது. பெரியவர்களின் வழக்கில் பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் சாட்சி மட்டுமே, இதில் அவருக்கு ஒரு நாற்காலி இருக்கிறது.

கடைசியில் என்ன உத்தரவு வரும்? கண்டித்து அனுப்புவது, குழு ஆலோசனை, சமூகச் சேவை, பெற்றோர் கட்டும் அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு, அதெல்லாம் போதாது என்றால் சிறப்பு இல்லம். இந்தியாவில் இந்தக் குழுமம் போடக்கூடிய அதிகபட்சம் மூன்று வருடம். உத்தரவுக்கு முன் நன்னடத்தை அலுவலர் தரும் சமூகப் பின்னணி அறிக்கைதான் வழக்கின் மையம். வீடு, பள்ளி, நண்பர்கள், உடல்நலம் என்று எல்லாம் அதில் இருக்கும். வேலைப்பளுவில் அந்த அறிக்கை வெறும் படிவம் நிரப்புவதாகிவிட்டால், முழு அமைப்பும் ஓட்டை. சட்டத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் சரி.

இனி அந்தக் கோபமான கேள்வி: கொலை, 17 வயது, மூன்று வருடம்.

முதலில் ஒரு திருத்தம். இந்தியாவில் அந்த நிலை 2016 ஜனவரியிலேயே மாறிவிட்டது. 2012 டெல்லிச் சம்பவத்துக்குப் பின் எழுந்த கொந்தளிப்பில் வந்த 2015 சட்டப்படி, 16 வயது முடிந்து 18 முடியாத ஒருவர்மேல் கொடுங்குற்றம், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடமோ அதற்கு மேலோ உள்ள குற்றம், சுமத்தப்பட்டால், குழுமம் ஒரு முதல்நிலை மதிப்பீடு செய்யும். அதைச் செய்யும் உடல், மன வலிமை இருந்ததா, விளைவு புரிந்ததா, சூழ்நிலை என்ன என்று பார்த்து, பெரியவரைப் போல் விசாரிக்கலாம் என்று பட்டால், குழுமத்துக்கு மேலே உள்ள குழந்தைகள் நீதிமன்றம் என்ற வேறொரு நீதிமன்றத்துக்கு அனுப்பும். அங்கே மூன்று வருட உச்சவரம்பு இல்லை. மரண தண்டனையும், விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் மட்டும் கூடாது.

இந்த மதிப்பீட்டில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. ‘குற்றத்தைச் செய்யும் மனமுதிர்ச்சி இருந்ததா’ என்று கேட்கும்போது, அவன்தான் செய்தான் என்று இன்னும் நிரூபணமே ஆகவில்லை. செய்யாத ஒருவனிடம் அந்தக் கேள்விக்கு என்ன பதில் இருக்கும்? அதோடு, நடந்த அன்று அவன் மனம் எப்படி இருந்தது என்பதை வாரங்கள் கழித்து உட்கார்ந்து அளக்க வேண்டும். மனநல நிபுணர்கள்கூடத் தயங்கும் வேலை இது. 2022-ல் இந்திய உச்ச நீதிமன்றமும் இது எவ்வளவு நுட்பமான வேலை என்று சுட்டிக்காட்டி, வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்றது.

அமெரிக்கா இந்தப் பாதையில் நமக்கு முன்பே போய்ப் பார்த்த நாடு. 1995 வாக்கில், ஈவிரக்கமில்லாத இளம் குற்றவாளிகளின் பெரும்படை வரப்போகிறது என்று ஒரு கணிப்பு கிளம்பியது. பயத்தில் ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் சிறாரைப் பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு அனுப்புவதை எளிதாக்கின. அந்தப் படை வரவில்லை, குற்றங்கள் குறைந்தன. கணித்தவரே பின்னர் தவறு என்று ஒப்புக்கொண்டார். இதற்கிடையில், பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட சிறார்களையும் அனுப்பப்படாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு நிபுணர் குழு 2007-ல் அறிக்கை தந்தது. அனுப்பப்பட்டவர்கள் மறுபடி வன்முறையில் இறங்குவதுதான் அதிகமாக இருந்தது. கடுமையாகத் தண்டித்தால் ஊர் பாதுகாப்பாக இருக்கும் என்ற கணக்கு அங்கேயே இடிக்கிறது. இதே காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே மாநிலங்களைப் படிப்படியாகப் பின்வாங்க வைத்தது. 2005-ல் 18 வயதுக்குமுன் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்றது. 2010-ல் கொலை அல்லாத குற்றத்துக்குப் பரோலே இல்லாத ஆயுள் தண்டனை கூடாது என்றது. 2012-ல் கொலையாக இருந்தாலும் அந்தத் தண்டனையைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது.

எதிர்த்திசையில் போன நாடும் உண்டு. ஜெர்மனியில் 18 முடிந்து 21 ஆகாதவர்களின் வழக்கும் சிறார் நீதிமன்றத்துக்குத்தான் போகும். அவர்களின் வளர்ச்சி இன்னும் சிறாரைப் போலவே இருக்கிறது, அல்லது செய்தது வயசுக் கோளாறு வகைதான் என்றால் சிறார் சட்டத்தையே பயன்படுத்தலாம். அதே 17 வயதுப் பையன் டெக்சாஸில் இருந்தால், பைக் திருட்டுக்கே பெரியவர்களின் நீதிமன்றம்தான். கோடு எங்கே என்பதை இயற்கை போடவில்லை. மூளையில் ஆத்திரத்தை அடக்கி, பின்விளைவை யோசிக்கவைக்கும் பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை வளர்ந்துகொண்டிருக்கிறது என்கிறது அறிவியல். ஆனால் 25 என்று எந்தச் சட்டமும் வைக்கப்போவதில்லை, வைக்கவும் முடியாது.

பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் இதையெல்லாம் போய்ச் சொல்ல முடியுமா? முடியாது. அவர்கள் இழந்தது 17 வயதுக்காரனால் என்பதால் குறைந்துவிடாது. இதற்குச் சமாதானம் என்று என்னிடம் எதுவும் இல்லை. நான் சொல்வது, அந்த வலிக்குப் பதில் சொல்லும் வேலையை வயதுக் கோட்டை இறக்குவதன் மூலம் செய்ய முடியாது என்பதுதான். ஏனென்றால் கோட்டை இறக்கினால் அந்த ஒருவன் மட்டும் உள்ளே வருவதில்லை.

வயதைப் பற்றி நடைமுறைக்கு உதவும் இரண்டு விஷயங்கள். கணக்கில் எடுப்பது குற்றம் நடந்த தேதியன்று இருந்த வயது. பிடிபட்ட நாளோ நீதிமன்றத்துக்கு வந்த நாளோ இல்லை. 2005-ல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை உறுதி செய்தது. அதேபோல், சம்பவத்தன்று எனக்கு 18 முடியவில்லை என்ற வாதத்தை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம், வழக்கே முடிந்த பிறகும். முதலில் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழ், இரண்டுமே இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. அந்தப் பரிசோதனை துல்லியமான வயதைச் சொல்லாது, ஓர் உத்தேசத்தைத்தான் சொல்லும். அதனால் பிறப்புச் சான்றிதழ் எடுக்காத வீட்டுப் பிள்ளைகள்தான் இந்த இடத்தில் அதிகம் அடிபடுகிறார்கள்.

பெரியவரைப் போல் விசாரிக்கப்பட்டவனை உடனே சிறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். 21 வயதுவரை அவன் இருப்பது சிறையில் இல்லை, ‘பாதுகாப்பான இடம்’ என்று சட்டம் சொல்லும் தனி இல்லத்தில். படிப்பும் தொழிற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் அங்கே தர வேண்டும். 21 முடியும்போது தண்டனைக் காலம் மிச்சம் இருந்தால், குழந்தைகள் நீதிமன்றம் அவனை மறுபடி கூப்பிட்டுப் பார்க்கும். திருந்தியிருக்கிறான், சமூகத்துக்கு உதவியாக இருப்பான் என்று பட்டால் கண்காணிப்போடு வெளியே விடலாம். இல்லையென்றால் மிச்சக் காலத்துக்குச் சிறை. எந்தப் பெரியவர்களின் நீதிமன்றமும் தீர்ப்பு எழுதி நான்கு வருடம் கழித்து, ஆள் இப்போது எப்படி இருக்கிறார் என்று கூப்பிட்டுப் பார்ப்பதில்லை.